சுறாமாறனை யார் மேலே இழுப்பது?

சொந்த ஊரில் பாண் என்கிற ரொட்டிக்கு வரிசையில் நிற்கிறவனை வெளிநாட்டுக்கு அனுப்பினால் அவன் கோயிலையும் கோட்டையையும் பார்க்கப் போவதில்லை. தூத்துக்குடியில் நான் முதலில் பார்த்தது ஒரு பரோட்டாக் கல்லை. கொழும்பில் எழுபதுகளின் அந்த நாட்களில் கோதுமை மாவு என்பது வெறும் வதந்தி. காலையில் மரவள்ளிக்கிழங்கு, மத்தியானம் மரவள்ளிக்கிழங்கு, விருந்தாளி வந்துவிட்டால் தேங்காய்ச் சம்பலோடு மரவள்ளிக்கிழங்கு. இங்கே ஒருவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மாவை விசிறி விசிறி அடித்துக்கொண்டிருந்தார். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார். யாரிடமும் கூப்பன் புத்தகம் கேட்கவில்லை.

நான் சாப்பிட்ட வேகத்தைப் பார்த்துவிட்டு, "எந்த ஜெயில்ல இருந்து வாரீரு?" என்று கேட்டார் கடைக்காரர்.

"கொழும்பிலயிருந்து வாறன்," என்றேன்.

"எல்லாம் ஒண்ணுதான்," என்று சொல்லி இன்னும் இரண்டைப் போட்டு, கேட்காமலே சால்னாவை ஊற்றினார்.

வந்த காரியம் ஞாபகத்துக்கு வந்தது வயிறு நிறைந்த பிறகுதான். கொழும்பில் ஒரு தமிழ் அச்சகத்தில் நான் பக்கம் கட்டுகிறவன். கல்யாணக் கார்டும் மரண அறிவித்தலும் அடித்துப் பிழைத்துவந்த எங்கள் முதலாளி, இந்தியப் பத்திரிகைகள் வருவதை அரசாங்கம் இறுக்கியதும் திடீரென்று கலையார்வம் கொண்டார். பிள்ளைகளுக்குப் படிக்கப் படக்கதை இல்லையாம். சுறாமாறனை மறுபடி போட்டால் கடைக்கு வெளியே வரிசை நிற்குமாம். பாண் வரிசைக்குப் பக்கத்திலேயே இன்னொரு வரிசை அவருக்குத் தேவைப்பட்டது.

"பழைய இதழ் எல்லாம் எங்களிட்ட இருக்கு. முடிவு மட்டும்தான் இல்லை," என்றார். "நீ போய் அந்த மனுசனைப் பிடிச்சு முடிவை வரைஞ்சு வாங்கிக்கொண்டு வா. ஆனால் சுறாமாறன் உயிரோட இருக்க வேணும். செத்தவனை வச்சுத் தொடர் போட ஏலாது."

சுறாமாறனைத் தெரியாத துரதிர்ஷ்டசாலிகளுக்காகச் சொல்கிறேன். தமிழில் முதன்முதலாக வந்த சூப்பர் ஹீரோ அவன். வரைந்தவர் பெயர் கஸ்பார், ஊர் தூத்துக்குடி. மற்ற நாடுகளின் வீரர்கள் உள்ளாடையைக் காற்சட்டைக்கு மேலே போட்டுக்கொண்டு உலகத்தைக் காப்பாற்றினார்கள். சுறாமாறன் அந்தக் குழப்பமே வேண்டாமென்று வெறும் கோவணத்தோடு காப்பாற்றினான். முத்துக் குளிக்கிறவனுக்கு அதுதான் சீருடை. மதராஸ் ஆசிரியர் பதறிப்போய் ஒரு சிவப்பு வேட்டியாவது கட்டிவிடச் சொன்னாராம். வேட்டி கட்டிக்கொண்டு முங்கினால் காலில் சுற்றிச் சாவான் என்று கஸ்பார் பதில் அனுப்பினாராம்.

பகலில் அவன் கருவாடு விற்கும் சாதாரண மாறன். கடலுக்குள் இறங்கிவிட்டால் கையை உயர்த்துவான். சுறாக்கள் வாயை மூடிக்கொள்ளும். தண்ணீருக்கடியில் பேசினால் குமிழிதானே வரும்? அதனால் அவன் பேச்சைக் குமிழிக்கு ஓர் எழுத்தாக உடைத்து மேலே மிதக்கவிட்டார் கஸ்பார். நாங்கள் கீழிருந்து மேலே எழுத்துக் கூட்டிப் படித்தோம். அதுவரை தமிழ்ப் படக்கதைகளில் ராஜாவும் மந்திரியும் பக்கவாட்டில் நின்று பேசிக்கொண்டேயிருப்பார்கள். கஸ்பார்தான் முதலில் கடலின் அடியிலிருந்து அண்ணாந்து பார்த்து, வள்ளத்தின் அடிவயிற்றை முழுப் பக்கத்துக்கு வரைந்தவர். அந்தப் பக்கத்தைப் பார்த்தபோது எனக்கு மூச்சு முட்டியது நிஜம்.

கடைசி இதழில் சுறாமாறன் தேங்காய் அளவு முத்தோடு கடலடியில் நிற்கிறான். கயிற்றைச் சுண்டுகிறான். மேலே அவன் மச்சினன் கயிற்றைத் தளரவிட்டுப் பல் தெரியச் சிரிக்கிறான். கீழே 'அடுத்த இதழில்' என்று போட்டிருந்தது. அடுத்த இதழ் வரவேயில்லை. நான் பன்னிரண்டு வயதில் புத்தகக் கடைக்காரரை நச்சரித்ததில், அவர் கடைசியில் என்னைக் கண்டாலே கதவைச் சாத்துமளவுக்கு நிலைமை முற்றியது.

மறுநாள் காலை கஸ்பாரின் புகழ் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று பார்த்தேன். மக்ரூன் விற்கும் கடையில் அட்டைப்பெட்டி மேல் சுறாமாறன். சோடாக் கடைப் பலகையில் சுறாமாறன். மூலம், பவுத்திரம், கத்தியில்லாமல் குணமாக்கப்படும் என்ற பலகையிலும் சுறாமாறன் கைகளைக் கட்டிக்கொண்டு தைரியமாக நின்றான். ஒரு பெரிய கலைஞனுக்கு இதைவிட என்ன மரியாதை வேண்டும்? எங்கள் ஊரில் சிலை வைத்து அதில் காக்கையை உட்காரவிடுவார்கள்.

சுறாமாறன் சலூன் என்றே ஒரு கடை இருந்தது. உள்ளே போய்க் கஸ்பார் வீட்டுக்கு வழி கேட்டேன். முடி வெட்டிக்கொண்டால்தான் வழி சொல்வேன் என்றார் சலூன்காரர். எனக்கு முடி வெட்டவேண்டிய அவசியமே இல்லை. இருந்தாலும் உட்கார்ந்தேன்.

"கஸ்பார் அண்ணாச்சி பழைய துறைமுகத்துல தோணிக்குப் பேரு எழுதிட்டு இருப்பாவ," என்றார், காதுக்குப் பக்கத்தில் கத்திரியை ஆட்டிக்கொண்டு. "வலப்பக்கமா நின்னு பேசும். இடது காது கேக்காது. பெறவு ஒண்ணு. என்ன வேணும்னாலும் கேளும், கயித்தப் பத்தி மட்டும் கேக்காதியும்."

நான் கடல் தாண்டி வந்திருப்பதே கயிற்றைப் பற்றிக் கேட்கத்தான். அதை அவரிடம் சொல்லவில்லை. கத்திரி அவர் கையில் இருந்தது.

புதுத் துறைமுகத்தில் பெரிய கப்பல்கள் வர ஆரம்பித்திருந்தாலும், பழைய துறைமுகத்தில் தோணிகள் கருவாட்டு வாசனையோடு நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. ஒரு தோணியின் பின்பக்கம் கயிற்றில் தொங்கிய பலகையில் உட்கார்ந்து, அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் மஞ்சள் பெயிண்டால் அதன் பெயரை எழுதிக்கொண்டிருந்தார். தலைமுடி மை போலக் கறுப்பு. மீசையிலும் அதே கறுப்பு, கொஞ்சம் தோலிலும் ஒட்டியிருந்தது.

நான் பைண்டு செய்து கொண்டுபோயிருந்த பழைய இதழ்களைக் காட்டினேன். அவ்வளவுதான், இறங்கி வந்துவிட்டார். என்னை யார், என்ன என்று கேட்கவில்லை. தன் படங்களைத் தானே ரசித்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"இந்த அலையப் பாரும். எவனாவது போட முடியுமா? மதராஸ்ல எல்லாரும் இந்த அலையத்தான் இன்னைக்கு வரைக்கும் திருடிட்டு இருக்கானுவ. திருடட்டும். ஆனா தண்ணி ஈரமா இருக்காது," என்றார்.

"ஓம், உங்களுக்கு முன்னால ஒருத்தரும் இப்பிடி வரையேல்லைதான்," என்றேன், கொஞ்சம் எண்ணெய் ஊற்றலாம் என்று.

"எனக்கு முன்னால சாமானியன் எவன் வே சாகசம் செஞ்சான்? பறந்தா அது சாமி. பத்துப் பேர அடிச்சா அது ராசா. கருவாடு விக்கிறவனக் கடலுக்குள்ள விட்டவன் நாந்தான்."

இதுதான் சமயமென்று முடிவைப் பற்றி எடுத்தேன். புத்தகத்தை மூடி என் கையில் திணித்தார். "முடிவா? கயித்த விட்டதோட அது முடிஞ்சிருச்சு," என்று மறுபடி பலகையில் ஏறி, இடது காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பெயரில் அடுத்த எழுத்து வந்தது. எனக்கு ஒன்றும் வரவில்லை.

ஆனாலும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குக் கூட்டிப்போனார். தன் இரசிகனைப் பட்டினி போட அவருக்கு மனம் வரவில்லை போலும். அவர் மனைவி பிரகாசி, சீலா மீன் குழம்பை இலை கொள்ளாமல் ஊற்றினார். குசினிக்குள் போய் இன்னும் எடுத்து வாரேன் என்று அவர் சொன்னதும் எனக்குச் சொந்த ஊர் ஞாபகம் வந்தது. கொழும்பிலும் எங்களுக்குச் சமையலறை குசினிதான். போர்த்துக்கேயன் இரண்டு கரையிலும் ஒரே சொல்லை அடுப்புப் பக்கத்தில் விட்டுவிட்டுப் போயிருக்கிறான். அங்கே உள்ளே மீன் இல்லை என்பதுதான் வித்தியாசம்.

கஸ்பார் கை கழுவப் போன நேரத்தில் பிரகாசி என் பக்கத்தில் வந்து குந்திக்கொண்டார்.

"தம்பி, அந்தக் கயித்துப் படத்தப் பத்தித்தான வந்திருக்க? மாதாதான் உன்னக் கொண்டாந்து விட்டிருக்கா," என்று கிசுகிசுத்தார்.

விஷயம் இதுதான். இந்தக் கரையில் முத்துக்கோ சங்குக்கோ முங்குகிறவன் கயிற்றோடு இறங்குவான். மூச்சு முட்டும்போது கயிற்றைச் சுண்டுவான். மேலே வள்ளத்திலிருந்து அதை இழுப்பவன் கண்டிப்பாக மச்சினனாகத்தான் இருப்பான், அதாவது மனைவியின் கூடப்பிறந்தவன். சொந்த அண்ணன் தம்பிக்காவது சொத்து ஆசை வரலாம். மச்சினன் தன் அக்காள் தாலியறுக்க விடமாட்டான் என்பது நம்பிக்கை. அப்பேர்ப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, மச்சினன் கயிற்றை விட்டுவிட்டுச் சிரிப்பதாக வரைந்திருக்கிறார் இந்த மகானுபாவர். அதுவும் தன் சொந்த மச்சினன் தொம்மையின் முகத்தை வைத்து, அவன் பல்லிடுக்கு உட்பட. கஸ்பார் வாலிபத்தில் சங்கு குளித்தபோது கயிறு பிடித்தவன் தொம்மைதான் என்பது ஊருக்கே தெரியும்.

"அந்தப் பொஸ்தகம் வந்ததுல இருந்து ஒருத்தனும் என் தம்பி கையில கயித்தக் குடுக்கல," என்றார் பிரகாசி. "அவன் தொழில விட்டுட்டு வேம்பாருக்குப் போயிட்டான். பதினஞ்சு வருசமா இந்த வாசப்படி மிதிக்கல. இப்ப எங்க ஒத்தப் பிள்ளைக்குக் கல்யாணம். ரெண்டு வாரம் கல்யாண ஓலைய மாதா கோயில்ல வாசிச்சாச்சு, மூணாவது இந்த ஞாயித்துக்கிழமை, மறுநாளு கல்யாணம். தாய்மாமன் வந்து கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகாம வாசல விட்டு இறங்க மாட்டேங்கா அவ. தம்பி என்ன சொல்லுதான்னா, கயித்த இழுக்க மாதிரி படம் வரைஞ்சாத்தான் வருவேங்கான். இவிய என்ன சொல்லுதாவன்னா, படம் பொய் சொல்லாதுங்காவ. நடுவுல நான் எங்கன போயி முட்ட?"

எனக்கும் அதே படம்தான் வேண்டும். எங்கள் முதலாளியின் வியாபாரமும் ஒரு பெண்ணின் கல்யாணமும் ஒரே கயிற்றில் தொங்குவதை அப்போதுதான் உணர்ந்தேன். வாக்குக் கொடுத்தேன். குழம்பு அப்படிப்பட்டது.

அடுத்த நாள் காலை கஸ்பாரைத் தேத்தண்ணிக் கடையில் வலப்பக்கமாகப் பிடித்தேன். "ஐயா, இழுக்கிறமாதிரி ஒரு படம் வரைஞ்சால் என்ன குறைஞ்சு போகும்?" என்று நேரடியாகவே கேட்டேன்.

டம்ளரைக் கீழே வைத்தார். "இந்தக் காது எப்படிப் போச்சு தெரியுமா?" என்றார். "கல்யாணமான மறு வருசம். சங்கு குளிக்கப் போயிருந்தோம். மூச்சு முட்டிருச்சு, கயித்தச் சுண்டுனேன். ஒண்ணுமில்ல. மறுபடி சுண்டுனேன். கயிறு தொளதொளன்னு வருது. காதுக்குள்ள என்னமோ வெடிச்சுச்சு. எப்படி மேல வந்தேன்னு எனக்கே தெரியாது. தலைய வெளிய நீட்டுதேன், தொம்மை சிரிச்சிட்டு இருக்கான் வே. பல்லெல்லாம் தெரிய. அவன் மட்டுமில்ல, வள்ளத்துல அம்புட்டுப் பேரும்."

"ஏன் எண்டு கேக்கேல்லையோ?"

"என்னன்னு கேக்க? ஏன்லே என்னயக் கொல்லப் பாத்தன்னா? அவன் ஆமான்னு சொல்லிட்டா? வீட்டுல அவன் அக்கா இருக்காளே, அவள என்ன செய்ய? அதான் கேக்கல. இவளுக்கும் இன்னைக்கு வரைக்கும் தெரியாது. நீரும் சொல்லிராதியும்."

கேட்டால் குடும்பம் உடையும் என்று வாயை மூடிக்கொண்ட மனிதர், பல வருஷம் கழித்து அதையே படமாக வரைந்து, அச்சடித்து, இரண்டு நாடுகளில் விற்றிருக்கிறார். கலைஞர்களின் விவேகம் எனக்கு விளங்குவதேயில்லை. ஆனால் அவர் காலி டம்ளரை எடுத்து வாயில் வைத்துக் குடித்தார். அதைப் பார்த்த பிறகு கிண்டல் செய்ய வாய் வரவில்லை.

வேம்பாருக்குப் போய்த் தொம்மையைப் பார்ப்பது என்று முடிவுசெய்தேன். வேம்பார் வடக்கே இருக்கிறது. நான் போய் இறங்கியது தெற்கே, சாகுபுரத்தில். பேருந்தின் பின்பக்கம் சுறாமாறன் படம் இருந்ததால் நம்பி ஏறிவிட்டேன். எங்கே போகிறது என்று யாரையும் கேட்கவில்லை. ஏறியதும் தூக்கம் வேறு. கண்டக்டர் தட்டி எழுப்பியபோது இரசாயனத் தொழிற்சாலை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். வடநாட்டு எஞ்சினியர்கள் இருவர் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டு போனார்கள். "இந்த ஊரில் சினிமாவும் இல்லை, மழையும் இல்லை, மாமியார் வந்தால் எங்கே கூட்டிப்போவது?" என்று ஒருவர் கேட்டார். "அதுதான் இந்த ஊரின் வசதி," என்றார் மற்றவர். அன்றைய பொழுது அவ்வளவுதான்.

சனிக்கிழமை சரியான பேருந்தில் ஏறினேன். அது உப்பளங்களுக்கு நடுவே டயர் வெடித்து நின்றது. எங்கள் ஊரில் பேருந்து நின்றால் எல்லாரும் மௌனமாக அரசாங்கத்தைச் சபிப்பார்கள். இங்கே எல்லாரும் இறங்கி டிரைவருக்கு எப்படி டயர் மாற்றுவது என்று சொல்லிக்கொடுத்தார்கள். ஓர் அம்மாள் கூடையிலிருந்து பனங்கிழங்கை எடுத்துச் சுற்றி நின்றவர்களுக்குக் கொடுத்தார். கிழங்கு என்றதும் நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். ஆனாலும் தின்றேன், நன்றாகத்தான் இருந்தது.

தொம்மை உப்பளத்தில் காவலாளியாக இருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். வெயிலில் கண் கூசிக்கொண்டு நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். மேல்வரிசைப் பல்லில் அதே சந்து. பன்னிரண்டு வயதில் என்னைத் தூங்கவிடாமல் செய்த பல் அது. என்னையறியாமல் ஒரு எட்டுப் பின்னால் வைத்தேன்.

"பயப்படாதீரும், கடிக்க மாட்டேன்," என்றார். "எல்லாரும் முதல்ல அப்படித்தான் பாப்பானுவ."

வந்த காரணத்தைச் சொன்னதும் படபடவென்று பேச ஆரம்பித்தார். சுறாமாறன் கதை முழுவதும் அவருக்கு மனப்பாடம். "கடைசிக்கு முந்தின இதழ்ல சுறாமாறன் தீவுல மயங்கிக் கெடக்கான். யாரு தூக்கிட்டு வாரா? மச்சினன். அவ்வளவு நல்லவன் திடீர்னு கயித்த விடுவானா? கதைக்கே பொருந்தல வே. வரைஞ்சவருக்குப் பொருந்தல, எனக்குப் பொருந்துமா?" என்றார். எங்கள் கொழும்பு விமர்சகர்கள் யாரும் இவ்வளவு தெளிவாகப் பேசிக் கேட்டதில்லை.

"வேற ஆரையாவது கொண்டு, இழுக்கிறமாதிரி வரைவிக்கட்டோ?" என்று தூண்டில் போட்டுப் பார்த்தேன்.

"வேற எவன் வரைஞ்சாலும் அது என் மொகமா இருக்காதே," என்றார். "அத்தான் கையால வரணும். அவரு கையாலதான கெட்டுச்சு." அவர் குரல் இறங்கிவிட்டது. "அந்தப் பிள்ளை பொறந்தன்னைக்கு முதல்ல வாங்குனது என் கைதான். அவ கல்யாணத்துக்கு நான் இங்கன உப்பக் காவல் காத்துட்டு இருக்கணுமா?"

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். "உங்கட அத்தான் நீங்கள் இழுக்கிறமாதிரி வரைஞ்சு போட்டார். வந்து பாருங்கோ," என்றேன். தொம்மை ஒரு கேள்வி கேட்கவில்லை. குடிசைக்குள் போய், மடித்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். பொத்தானை வழியில் நடந்துகொண்டே போட்டார். திரும்பி வரும் வழியெல்லாம் இந்தப் பேருந்துக்கும் ஒரு டயர் வெடிக்காதா என்று வேண்டிக்கொண்டேன். வேண்டினால் எதுவும் நடக்காது.

வீட்டு வாசலில் கஸ்பார் பல் குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தொம்மை படியேறாமல் வெளியிலேயே நின்றார்.

"படத்தக் காட்டும் அத்தான்," என்றார்.

"எந்தப் படம்?" என்றார் கஸ்பார்.

இருவரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள். நான் முற்றத்து முருங்கை மரத்தைப் பார்த்தேன். காய் நன்றாகப் பிடித்திருந்தது.

தொம்மை திரும்பி நடக்க எடுத்ததும் குசினிக்குள்ளிருந்து பிரகாசி கரண்டியோடு பாய்ந்து வந்து வெளிக்கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். "ரெண்டு பேரும் உள்ள வந்து உக்காருங்க. இன்னைக்குப் பேசித் தீக்காம ஒருத்தனுக்கும் சோறு கெடையாது," என்றார். அந்தத் தீர்ப்பில் நானும் அடங்குவேனா என்று கேட்க நினைத்தேன். சமயம் சரியில்லை.

உட்கார்ந்தார்கள். கஸ்பார் தொம்மையின் வெள்ளைச் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஏலே தொம்மை, ஒண்ணு கேக்கேன், உள்ளதச் சொல்லு. அன்னைக்குச் சங்கு குளிக்கையில நான் ரெண்டு தடவ கயித்தச் சுண்டுனேன். நீ இழுக்கல. நான் மேல வாரேன், நீ சிரிச்சிட்டு இருக்க. ஏன்லே?" என்றார்.

பிரகாசியின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. தம்பியைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் பார்க்க முடியவில்லை.

தொம்மைக்கு முதலில் எதுவும் நினைவுக்கு வரவில்லை. "எப்ப?" என்றார். கஸ்பார் வருஷத்தைச் சொன்னார், வள்ளத்தைச் சொன்னார், தன் இடது காதைத் தொட்டுக் காட்டினார். தொம்மையின் முகம் மெல்ல மெல்ல வெளுத்தது.

"நீரு சுண்டுனீரா?" என்றார். "ஐயோ அத்தான், சுண்டுனீரா? வள்ளத்துப் பலகையில கரியால என்னய வரைஞ்சு வச்சிட்டுத்தான நீரு முங்குனீரு. கூழைக்கடா மாதிரி மூக்கு, இந்தப் பல்லு. பக்கத்துல வள்ளத்துக்காரரு கோவணம் அவுந்து ஓடுதாரு. நீரு இறங்குனப்புறந்தான் பாத்தோம். ஒருத்தன் சிரிக்க, எல்லாவனும் சிரிக்க, வயித்தப் பிடிச்சிட்டுச் சிரிச்சோம். கயித்த எப்ப விட்டேன்னே எனக்குத் தெரியல. நீரு ஏறி வந்து ஒண்ணுமே பேசாம உக்காந்தீரா, நாங்க உம்ம படத்தக் கேலி பண்ணிட்டோம்னு கோவமோன்னு நெனச்சு, நாந்தான் தண்ணிய அள்ளி ஊத்தி அழிச்சேன். கரைக்கு வந்ததும் இனிமே முங்க மாட்டேன், படம் வரையப் போறேன்னீரு. நான் சிரிச்ச சிரிப்புலதான் எங்க அத்தான் படக்காரரு ஆனாருன்னு ஊரெல்லாம் பெருமையாச் சொல்லிட்டுத் திரிஞ்சேனே!"

சொல்லிவிட்டுத் தொம்மை வாய்விட்டு அழுதார். "அக்கா, நான் உன் தாலிய அறுக்கப் பாத்தேனே, தெரியாமலே அறுக்கப் பாத்தேனே," என்று தலையில் அடித்துக்கொண்டார்.

நான் கஸ்பாரைப் பார்த்தேன். ஒரு காது, ஒரு மச்சினன், ஒரு சூப்பர் ஹீரோ, எல்லாவற்றையும் இழந்த மனிதர் இப்போது என்ன செய்வார், அடிப்பாரா, கட்டிப்பிடிப்பாரா என்று தெரியவில்லை. அவர் கொஞ்சம் முன்னால் நகர்ந்து, வலது காதைத் தொம்மையின் பக்கம் கொடுத்தார்.

"ஏலே," என்றார் தயக்கத்தோடு. "படம் அம்புட்டு நல்லாவா இருந்துச்சு?"

தொம்மை கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "வள்ளத்துக்காரரே சிரிச்சுக் கடல்ல விழப் பாத்தாரு அத்தான்."

"உன் மூக்கு சரியா வந்திருந்துச்சா?"

"மூக்கப் பாத்துத்தான முதல்ல சிரிச்சோம்."

பிரகாசி கரண்டியைத் தரையில் வீசினார். "ஒருத்தனுக்குக் காது போயிருக்கு, ஒருத்தனுக்குத் தொழில் போயிருக்கு, பதினஞ்சு வருசமா நான் மாதா முன்னால அழுதிருக்கேன், இப்ப மூக்கு சரியா இருந்துச்சான்னு பேச்சப் பாரு!" என்று கத்தினார். பிறகு இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து அவரும் அழுதார். எனக்கு நல்ல பசி. ஆனால் அன்று சோறு போடச் சொல்லி யாரையும் கேட்கும் துணிச்சல் எனக்கு இல்லை.

திங்கட்கிழமை தொம்மை பெண்ணின் கையைப் பிடித்துக் கோயிலுக்குக் கூட்டிப்போனார். தெருவில் இரண்டு கிழவர்கள் அவர் பல்லைப் பார்த்துவிட்டு ஏதோ முணுமுணுத்தார்கள். கஸ்பார் அவர்களிடம் நேரே போய், ஊருக்கே கேட்கும்படி, கயிறு விட்ட கதையையும் கரிப் படத்தின் கதையையும் சொன்னார். தன் படம் எவ்வளவு பிரமாதமாக இருந்தது என்பதற்குக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டார். மத்தியான விருந்தில் அந்தக் கிழவர்களில் ஒருவர் தொம்மைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்ததைப் பார்த்தேன்.

விருந்து முடிந்ததும் கஸ்பார் என்னைக் கூப்பிட்டு ஒரு தாளை விரித்தார். கடைசிப் பக்கம். சண்டை இல்லை, சுறா இல்லை, தேங்காய் அளவு முத்தும் இல்லை. வள்ளம் கொள்ளாமல் மனிதர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். மச்சினன் கையில் கயிறு இல்லை. சுறாமாறன் தலையை மட்டும் தண்ணீருக்கு வெளியே நீட்டி மூச்சுக்குத் தவிக்கிறான். காதிலிருந்து கோடாக இரத்தம். உயிரோடு இருக்கிறான். முதலாளிக்கு அது போதும். ஆனால் அவன் வாய்க்கு மேலே பேச்சு வட்டம் வெறுமையாக இருந்தது.

"இதுக்குள்ள என்ன எழுதப் போறீங்கள்?" என்று கேட்டேன்.

கஸ்பார் தொம்மையைத் திரும்பிப் பார்த்தார். அவர் பந்தியில் உட்கார்ந்து யாரோ சொன்னதற்குப் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். பேனாவை மையில் தொட்டு, வட்டத்துக்குள் நிதானமாக எழுதினார்: 'ஏலே, என்னத்துக்குச் சிரிக்கீங்க?'

கேள்விக்குறியை இரண்டு தடவை அழுத்திப் போட்டார். அவர் குனிந்து, மை காயும்வரை அந்த வட்டத்தை ஊதிக்கொண்டேயிருந்தார்.